சின்ன வீட்டில் ஸ்க்ராப்புக் சாமான்களை எங்கே வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒற்றைப் படுக்கையறை வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஸ்க்ராப்புக் செய்கிறேன். போட்டோவோடு வண்ணத் தாள், ரிப்பன், ரயில் டிக்கெட், கல்யாணப் பத்திரிகையின் ஓரம், கையால் எழுதிய நாலு வரி எல்லாம் சேர்த்து ஒட்டுகிற ஆல்பத்துக்குத்தான் அந்தப் பெயர். முதல் பிறந்தநாள், சீமந்தம், அறுபதாம் கல்யாணம் என்று தெரிந்தவர்கள் கேட்டால் செய்து கொடுப்பேன். கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்குச் சொல்லியும் தருகிறேன். வருகிறவர்கள் ஒட்டுவதைப் பற்றிக் கேட்பதைவிட “இதையெல்லாம் எங்கே வைக்கிறீர்கள்?” என்று கேட்பதுதான் அதிகம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவிட்டேன்.

முதலில் எந்தப் பெட்டி வாங்க வேண்டும்?

ஒன்றும் வாங்க வேண்டாம். பெட்டியை முதலில் வாங்கிவிட்டு அதற்குள் சாமானைத் திணிக்கப் பார்ப்பது எல்லோரும் செய்கிற தப்பு. நானும் செய்தேன். ஆடித் தள்ளுபடியில் ஆறு டிராயர் வைத்த பிளாஸ்டிக் அலமாரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் வைத்துப் பார்த்தால் என்னிடம் இருந்த பெரிய தாள் ஒன்றுகூட மடிக்காமல் உள்ளே போகவில்லை. இப்போது அதில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் இருக்கின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பாயை விரித்து, வீட்டில் எங்கெங்கோ சொருகி வைத்திருப்பதை எல்லாம் அதில் கொட்டுங்கள். பீரோ மேலே, டிவிக்குக் கீழே, பழைய கைப்பைக்குள்ளே, ஒன்று விடாமல். என் பாயில் ஏழு கத்தரிக்கோல் வந்தன. பசைக் குச்சி பதினொன்று, அதில் நாலு காய்ந்து கல்லாகிவிட்டவை. ஒவ்வொரு தடவையும் தேடிக் கிடைக்காமல் கடைக்குப் போய் இன்னொன்று வாங்கியிருக்கிறேன். சாமானை ஒழுங்குபடுத்த இதுவரை நான் செலவழித்ததைவிட, இருந்ததையே திரும்ப வாங்கித் தொலைத்த பணம் அதிகம். அதனால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைப்பதைத்தான் நான் சிக்கனம் என்று சொல்வேன். கீழே வரும் பதில்கள் எல்லாம் அதை ஒட்டித்தான்.

கொட்டி முடித்ததும் தையல் டேப்பை எடுத்து அளந்துகொள்ளுங்கள். இருப்பதிலேயே பெரிய தாள் எவ்வளவு அகலம், உயரமான பாட்டில் எவ்வளவு உயரம், அலமாரியில் இரண்டு தட்டுக்கு நடுவில் எத்தனை அங்குலம். ஒரு தாளில் எழுதி ஃபோனில் படம் பிடித்து வைத்தால், கடையில் நின்று கையை விரித்துக் காட்டி “இவ்வளவு இருக்கும்” என்று சொல்லும் வேலை இல்லை.

எதையும் தூக்கிப் போட மனசு வரவில்லையே?

எனக்கும் வராது. ஆனால் சிலவற்றுக்கு யோசனையே வேண்டாம்: காய்ந்த பசை, எழுதாத பேனா, ஓரம் பிசுபிசுத்த டபுள் டேப், பூஞ்சை பிடித்த தாள். பூஞ்சை பிடித்த ஒரு தாள் பக்கத்தில் இருக்கிற நல்ல தாளையும் கெடுத்துவிடும், அதனால் அன்றைக்கே வெளியே போக வேண்டும். நல்ல நிலையில் இருந்தும் இரண்டு வருடமாகத் தொடாததைப் பக்கத்து அங்கன்வாடிக்குக் கொடுங்கள். ஸ்டிக்கரும் சார்ட் தாளும் அங்கே ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும்.

கஷ்டமே கல்யாணப் பத்திரிகைதான். தாள் தடிமனாக, தங்க ஃபாயிலோடு பளபளவென்று இருக்கும். மேலே பிள்ளையார் படம் வேறு, குப்பையில் போட முடியாது. இப்படியே சேர்ந்து ஒரு காலத்தில் என்னிடம் மூன்று அட்டைப் பெட்டி நிறையப் பத்திரிகை இருந்தது. இப்போது கல்யாணத்துக்குப் போய் வந்த அன்றே கத்தரிக்கோலை எடுத்துவிடுவேன். பார்டர், தடிமனான வெற்று அட்டை, குஞ்சலம், கல் பதித்த துண்டு, இவ்வளவும் எனக்கு. மிச்சம் பழைய பேப்பர் கடைக்கு. சாமி படங்களை மட்டும் வெட்டி ஒரு கவரில் போட்டு வைக்கிறேன். அந்தக் கவரை என்ன செய்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தனி அறை இல்லை. வாடகை வீடு, ஆணி அடிக்கவும் விடமாட்டார்கள். என்ன செய்யலாம்?

இரும்பு பீரோ இருக்கிறதா? அதன் பக்கவாட்டுதான் உங்கள் சுவர். காந்தக் கொக்கி நாலு வாங்கி ஒட்டினால் கத்தரிக்கோல், ஸ்கேல், ஒரு சின்னக் கூடை எல்லாம் தொங்கும். ஆணி வேண்டாம், வீட்டுக்காரர் முகத்தையும் பார்க்க வேண்டாம். ஃபிரிட்ஜின் பக்கவாட்டும் அப்படித்தான், ஆனால் சமையல் வேலையும் நம் வேலையும் அங்கே முட்டிக்கொள்ளும். கதவுக்குப் பின்னால் மேலே மாட்டுகிற செருப்புப் பை கிடைக்கிறது பாருங்கள், கண்ணாடி மாதிரி அறை வைத்தது. உள்ளே இருப்பது வெளியே தெரிவதால் பஞ்ச் (தாளைப் பூ, இலை வடிவத்தில் வெட்டும் கருவி), ஸ்டாம்ப், ஸ்டிக்கர் கட்டு வைக்க அதைவிடத் தோதானது நான் பார்க்கவில்லை.

தனி மேசை இல்லாதவர்கள் சாப்பாட்டு மேசையிலோ தரையிலோதான் உட்கார்ந்து செய்வார்கள். அப்படியானால் சாமான் எங்கே இருக்கிறது என்பதைவிட, ஒரே நடையில் எடுத்து வர முடிகிறதா என்பதுதான் முக்கியம். நாலு தடவை எழுந்து போக வேண்டி வந்தால் ஐந்தாவது நாள் வேலையே நடக்காது. தினமும் வேண்டியதை மட்டும் நான் ஒரு ஒயர் கூடையில் வைத்திருக்கிறேன்: கத்தரிக்கோல், கட்டர், ஸ்கேல், பென்சில், பசை, டேப், ஈரத்துணி ஒன்று. ஒயர் கூடை சாயாது, கழுவலாம், மேலே கைப்பிடி இருக்கிறது. பேருந்தில் கொண்டுபோனாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

வெளிச்சம் பற்றி ஒன்று. வலது கையால் வெட்டுகிறவர்களுக்கு விளக்கு இடது பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கையின் நிழல் வெட்டுகிற கோட்டின் மேலேயே விழும். இடம் தேடும்போது ஜன்னல் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து உட்காருங்கள். காசு கேட்காத வசதி அது.

சமையலறையிலிருந்து எதையெல்லாம் கடத்தலாம்?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத ஆரம்பித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அஞ்சறைப் பெட்டியை முதலில் எடுங்கள். மணி, சமிக்கி, குந்தன் கல், அரை முத்து எல்லாம் வைக்க அதற்கு மிஞ்சியது இல்லை. மூடியைத் திறந்தால் ஏழு கிண்ணமும் ஒரே பார்வையில் தெரியும். கிண்ணத்தைத் தனியாக வெளியே எடுக்கலாம். மூடி தட்டையாக இறுகினால், பெட்டி சாய்ந்தாலும் மணி ஒன்றோடொன்று கலக்காது. வாங்கும்போது இதைச் சோதித்துக்கொள்ளுங்கள்: சில பெட்டிகளில் மூடிக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருக்கும், அது நமக்கு ஆகாது. கிண்ணம் தொலைந்த பழைய பெட்டி எல்லார் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி இரண்டு நாள் வெயிலில் வைத்தால் மிளகு சீரக வாசம் போய்விடும். பெருங்காயம் இருந்த டப்பாவை மட்டும் தொடாதீர்கள். காலியான பெருங்காய டப்பா என்று சும்மாவா சொன்னார்கள்!

வேலை செய்யும்போது மணியைப் பிரித்து வைக்க, ஓட்டை இல்லாத பழைய இட்லித் தட்டு. குழி உருண்டையாக இருப்பதால் சின்ன மணியும் விரலில் சுலபமாக ஏறும். டிபன் கேரியரில் நான் வகுப்புக்குச் சாமான் கொண்டுபோவேன், அடுக்குக்கு ஒரு வகை. கரண்டி ஸ்டாண்டில் பிரஷ், பேனா, தாள் மடிப்பை அழுத்தித் தேய்க்கும் எலும்பு மடிப்பான் எல்லாம் நிற்கும். தட்டு அடுக்குகிற ஸ்டீல் ஸ்டாண்டில் தட்டுக்குப் பதில் தாள் கட்டு, ஸ்டிக்கர் புத்தகம், வெட்டும்போது அடியில் போடும் கட்டிங் மேட் இவற்றைச் செங்குத்தாகச் செருகலாம். கட்டிங் மேட்டை மட்டும் ரொம்ப நாள் நிற்க வைக்காதீர்கள், வளைந்துவிடும். வெயில் படுகிற ஜன்னலோரம் வைத்தாலும் அப்படித்தான். படுக்கப் போட்டு வைப்பது நல்லது.

ஜிகினாத் தூள் தூவுகிறவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் முறம் போதும். தாளை முறத்தில் வைத்துத் தூவிவிட்டு, சிந்தியதை அதன் வாய்ப்பக்கமாகத் தட்டினால் திரும்ப பாட்டிலுக்குள் போய்விடும். பாதிக்குப் பாதி மிச்சம்.

ஆனால் ஒருமுறை ஜிகினாவும் பசையும் பட்ட பாத்திரம் திரும்ப அடுப்படிக்குப் போகவே கூடாது. அடியில் பெயின்டால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். என் வீட்டில் ஒரு தடவை ரசத்தில் தங்கப் பொடி மிதந்தது.

12 அங்குலத் தாளை எதில் வைப்பது?

ஸ்க்ராப்புக் தாளில் பாதித் தலைவலி இந்த அளவால்தான். வெளிநாட்டு முறையில் வரும் தாள் 12 அங்குலத்துக்கு 12 அங்குலம், அதாவது 30.48 சென்டிமீட்டர் சதுரம். நம் ஊர்க் கடைகளில் இருக்கிற ஃபைல், ஃபோல்டர், டிரே எல்லாம் ஏ4 கணக்கு: 21க்கு 29.7 சென்டிமீட்டர். அதன் நீளப் பக்கமே எட்டு மில்லிமீட்டர் குறைகிறது. சரி, ஏ3 வாங்கலாம் என்றால் அது 29.7க்கு 42, அகலத்தில் அதே எட்டு மில்லிமீட்டர் பற்றாது. தாளின் மூலை மடங்கிப் போக அவ்வளவு போதும். ஏ3 ஃபோல்டர் சிலது கொஞ்சம் தாராளமாக வரும். உள் அளவு 31 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறதா என்று அளந்த பிறகுதான் பணத்தை எடுக்க வேண்டும்.

மலிவான வழி 12 அங்குல பீட்சா பெட்டி. சாப்பிட்டு முடித்த பெட்டி அல்ல, அதில் எண்ணெய் இறங்கியிருக்கும். பேக்கிங் சாமான் விற்கும் கடையில் மடித்து வைத்த புதுப் பெட்டி கிடைக்கும். தட்டையாக இருப்பதால் ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்தாறு அடுக்கலாம், முன்பக்கம் பெயர் எழுதலாம். தாத்தா வீட்டில் பழைய இசைத்தட்டுப் பெட்டி இருந்தால் அதிர்ஷ்டம்தான். எல்பி தட்டும் 12 அங்குலம், அதன் உறை அதைவிடக் கொஞ்சம் பெரியது, நம் தாள் அளவெடுத்த மாதிரி உட்காரும்.

எடையையும் கவனியுங்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்கிற கணக்கு. 200 ஜிஎஸ்எம் தாளில் 12 அங்குலச் சதுரம் ஒன்று சுமார் 18.6 கிராம் வரும். 50 தாள் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. முந்நூறு தாளை ஒரே அடுக்காக வைத்தால் ஐந்தரை கிலோ. அடியில் இருக்கும் தாளை இழுக்கும்போது மேலே இருப்பது கிழியும், அல்லது நாம் இழுக்கவே மாட்டோம், அந்தத் தாள் அங்கேயே கிடந்து பழசாகும். அதனால் ஒரு பெட்டிக்கு 50 தாள், அதற்கு மேல் வேண்டாம். நிற்க வைப்பதானால் இறுக்கமாக நிற்க வேண்டும். தளர்வாக நின்றால் சென்னைக் காற்றில் ஒரு மாதத்தில் வயிறு தள்ளிவிடும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு என் சொந்த அபிப்பிராயம்: கையைச் சுருக்கிச் செய்ய வேண்டும் என்றால் 12 அங்குலத்துக்கே போகாதீர்கள். ஏ4 அளவில் ஆல்பம் செய்யுங்கள். தாள் எந்தத் தெருவிலும் கிடைக்கும், உறை கிடைக்கும், ஃபைல் கிடைக்கும். ஆல்பத்தைப் பார்ப்பவர் யாரும் ஸ்கேல் எடுத்துக்கொண்டு வரமாட்டார்.

வெட்டி மிஞ்சிய துண்டுகளை என்ன செய்வது?

பல அறை வைத்த ஒரு ஃபைல், நிறத்துக்கு ஓர் அறை. உள்ளங்கையைவிடச் சின்னதாக இருந்தால் அப்போதே பூவாகவோ இலையாகவோ பஞ்ச் செய்து ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். அதற்கும் ஆகாதது குப்பை.

நிறப்படி அடுக்குவதா, வகைப்படி அடுக்குவதா?

நீங்கள் எப்படித் தேடுவீர்களோ அப்படி. “அந்த மயில் நீலத் தாள் எங்கே” என்று தேடுகிறவர் நிறப்படி அடுக்க வேண்டும். “வளைகாப்புக்கு என்ன இருக்கிறது” என்று தேடுகிறவர் விசேஷப்படி அடுக்க வேண்டும். நான் தாளை நிறப்படியும் ஸ்டிக்கரை விசேஷப்படியும் வைக்கிறேன். முரண்தான், ஆனால் எனக்குக் கிடைக்கிறது.

டேப், ரிப்பன், லேஸ் சிக்கிக்கொள்கின்றனவே?

வளையல் ஸ்டாண்ட்! ஃபேன்ஸி கடையில் இரண்டு மூன்று தடி வைத்துக் கிடைக்கும். ரெண்டு நாலு அளவு வளையலே இரண்டேகால் அங்குலம்தான், அது ஏறுகிற தடியில் பெரிய பேக்கிங் டேப் தாராளமாக ஏறும், ஏனென்றால் அதன் உள்வளையம் மூன்று அங்குலம். அலங்காரத்துக்கு ஒட்டும் மெல்லிய காகித டேப்பான வாஷி டேப்பின் ஓட்டை மட்டும் ரொம்பச் சின்னது, அங்கே போகாது. அதற்குப் பாவாடை நாடா. எல்லா டேப்பையும் நாடாவில் கோத்து இரண்டு முனையையும் முடிச்சுப் போட்டு பீரோ கொக்கியில் மாட்டிவிட்டேன், மாலை மாதிரி தொங்குகிறது.

ரிப்பன், லேஸ் துண்டுகளைப் பழைய பத்திரிகை அட்டையை நாலு விரல் அகலத்துக்கு வெட்டி அதில் சுற்றி, நுனியை ஒரு குண்டூசியால் குத்திவிடுங்கள். மீட்டரை அட்டையிலேயே எழுதி வைத்தால் பாதி வேலையில் பற்றாமல் போகாது. சுருட்டிப் பூ செய்யும் க்வில்லிங் தாள் பட்டைகளை நிறம் நிறமாக பைண்டர் கிளிப்பில் பிடித்துத் துணி உலர்த்தும் கிளிப் ஹேங்கரில் தொங்க விட்டால் மடிப்பு விழாது.

பசை, பேனா, கட்டர்: இவற்றுக்கு ஏதாவது விதி உண்டா?

உண்டு, பெரும்பாலும் எந்தப் பக்கம் மேலே என்பதுதான் விதி. இரண்டு பக்கமும் முனை உள்ள மார்க்கரைப் படுக்க வைக்க வேண்டும், நிற்க வைத்தால் மை ஒரு பக்கமே இறங்கி மேல் முனை காய்ந்துவிடும். ஜெல் பேனா முனை கீழே பார்க்க நிற்கட்டும்.

உடனே ஒட்டும் சின்ன ட்யூப் பசை இருக்கிறதே, அது காற்றில் உள்ள ஈரத்தைப் பிடித்துத்தான் இறுகும். அதனால் திறந்த ட்யூபைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் போடுங்கள். க்ளூ கன்னுக்கான குச்சி 7 மில்லிமீட்டர், 11 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவில் வரும். உங்கள் கன் எந்த அளவு என்று அதன் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். நான் இரண்டு தடவை தப்பான குச்சி வாங்கினேன்.

கட்டரில் உடைத்த பிளேடு துண்டுகளைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள். காலி மாத்திரை டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் டேப் சுற்றி மேலே “பிளேடு” என்று எழுதிப் போடுங்கள். குப்பையைக் கையால் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

மழைக்காலத்தில் தாள் சுருள்கிறது, பூச்சி அரிக்கிறது. என்ன வழி?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் தாள் வைத்திருப்பவர் எல்லோருக்கும் இது உண்டு. தாள் ஈரத்தைக் குடிக்கும். ஒரு பக்கம் மட்டும் பளபளப்புப் பூசிய தாளில் ஒரு பக்கம் விரியும், மறு பக்கம் விரியாது, அதனால்தான் சுருள்கிறது. ஐப்பசி பிறப்பதற்குள் தாளை எல்லாம் மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றுவேன். காற்று காய்ந்திருக்கிற நாளாகப் பார்த்து மூட வேண்டும், ஈரக்காற்றையும் சேர்த்து மூடினால் பூஞ்சைக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

சிலிக்கா ஜெல் பொட்டலம் செருப்புப் பெட்டியில் வந்ததைச் சேர்த்து வைத்திருப்பீர்கள். அது பெரும்பாலும் ஏற்கெனவே ஈரத்தைக் குடித்து நிறைந்திருக்கும். நிறம் மாறுகிற மணியாக வாங்கினால் எப்போது நிறைந்தது என்று கண்ணால் பார்க்கலாம். நீலம் இளஞ்சிவப்பாகிவிட்டால் வேலை முடிந்தது, சூடாக்கினால் திரும்ப நீலமாகும். ஆனால் அந்த நீலத்துக்குச் சேர்ப்பது கோபால்ட் உப்பு, அதனால் சமையல் பாத்திரத்தில் வறுக்கக் கூடாது. குழந்தை கைக்கும் எட்டக் கூடாது. நீலம் இல்லாமல் ஆரஞ்சு நிறத்திலும் கிடைக்கிறது, நான் அதைத்தான் வாங்குகிறேன்.

வெள்ளி நிறத்தில் சரசரவென்று ஓடுகிற ராமபாணப் பூச்சிக்கு மாவுச்சத்துதான் விருந்து. மைதாப் பசை காய்ச்சி ஒட்டினால் அது தேடி வரும். பைண்டிங் செய்கிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், வீட்டில் வேண்டாம். ஃபெவிகால் மாதிரியான வெள்ளைப் பசைக்குப் போய்விடுங்கள். பெட்டியின் மூலையில் துணியில் முடிந்த வசம்பு வைக்கிறேன், ஓலைச்சுவடிக்கே வைத்தது அதுதானே. பாச்சை உருண்டையைக் கைக்குழந்தை இருக்கிற வீட்டில் வைக்காதீர்கள். அட்டைப் பெட்டியைத் தரையிலும் சுவரை ஒட்டியும் வைத்தால் கரையானுக்குக் கதவு திறந்து வைத்த மாதிரிதான்.

சித்திரையில் பிரச்சினை தலைகீழ். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடுகளில் பரண் அடுப்பு மாதிரி கொதிக்கும். டபுள் டேப், ஸ்டிக்கர், க்ளூ குச்சி எதையும் அங்கே ஏற்றாதீர்கள், பசை ஒழுகிவிடும்.

கட்டிலுக்கு அடியில் வைக்கலாமா?

மாடி வீடென்றால் வையுங்கள், நல்ல இடம். தரைத்தளம் என்றால் என் கதையைக் கேளுங்கள். 2015 டிசம்பரில் அடையாற்றுக்குப் பக்கத்துத் தெருவில் தரைத்தளத்தில் இருந்தோம். ராத்திரி தண்ணீர் வந்தது. பீரோ மேலே இருந்ததெல்லாம் தப்பித்தது, கட்டிலடியில் இருந்த இரண்டு அட்டைப் பெட்டி போனது. ஒன்றில் புதுத் தாள், அதைப் பற்றிக் கவலை இல்லை. இன்னொன்றில் இன்னொருவர் வீட்டுப் போட்டோ, ஆல்பம் செய்யக் கொடுத்தது.

அன்று தெரியாமல் செய்த தப்பு, நனைந்த போட்டோக்களை அப்படியே அடுக்கி வைத்துக் காய விட்டது. முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டது. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்: ஸ்டுடியோவில் போட்ட பிரிண்ட் நனைந்தால், காய்வதற்கு முன்னாலேயே சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலசிப் பிரித்து, படம் மேலே பார்க்கத் துணியில் தனித்தனியாக வைக்க வேண்டும். வெயில் கூடாது, மின்விசிறி போதும். இரண்டு நாளுக்குள் முடியாது என்றால் பாலித்தீன் உறையில் போட்டு ஃப்ரீஸரில் வைத்துவிட்டு நிதானமாகப் பார்க்கலாம். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த பிரிண்டை அலசினால் மை கரைந்துவிடும். இப்போது என் வீட்டில் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பஞ்ச், ஸ்கேல், பிளாஸ்டிக் சாமான் மட்டும்தான். அடுத்தவர் போட்டோ பீரோவில், நகை வைக்கும் தட்டில்.

போட்டோ உறை மலிவாகக் கிடைக்கிறது. எதையும் வாங்கலாமா?

முகர்ந்து பாருங்கள். புதுச் செருப்பு, மழைக்கோட்டு மாதிரி வாடை அடித்தால் அது பிவிசி பிளாஸ்டிக். நாளாக ஆக அது போட்டோவோடு ஒட்டிக்கொள்ளும். முக்கோணக் குறிக்குள் 5 என்று இருந்தால் பாலிப்ரோப்பிலீன், நல்லது. 3 என்றால் பிவிசி. பிளாஸ்டிக்கை உரித்துப் போட்டோவை வைத்து மூடுகிற பசைப் பக்க ஆல்பமும் வேண்டாம், இருபது வருடம் கழித்துப் படத்தை எடுக்க முடியாது. செய்தித்தாள் துண்டை நேராக ஒட்டாதீர்கள், மரக்கூழில் உள்ள லிக்னினால் பழுப்பேறிப் பக்கத்துத் தாளிலும் கறை இறங்கும். நல்ல தாளில் நகல் எடுத்து ஒட்டுங்கள்.

சென்னையில் மலிவாக எங்கே வாங்கலாம்?

பாரிமுனை. தாளுக்கும் பத்திரிகை அட்டைக்கும் ஆண்டர்சன் தெரு, ஸ்டேஷனரிக்குப் பந்தர் தெரு. உயர் நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கினால் நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பூட்டிய ஷட்டரைப் பார்த்துவிட்டு வராதீர்கள். மொத்தமாக விற்கிற இடம், அதனால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து போய்ப் பங்கு போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

அதைவிட மலிவு உங்கள் பேட்டையில் இருக்கிற பிரிண்டிங் பிரஸ். விசிட்டிங் கார்டும் பத்திரிகையும் வெட்டும்போது ஓரத்தில் விழுகிற நல்ல அட்டைப் பட்டையைக் கட்டிங் என்பார்கள். கேட்டால் எடைக்குத் தருவார்கள், சில பேர் சும்மாவே தருவார்கள். மதியத்துக்கு மேல் கூட்டம் குறைந்த நேரத்தில் போங்கள். புதுச்சேரி பக்கம் போகிறவர்கள் அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகிதம் கொஞ்சம் வாங்கி வரலாம். விலை கூடத்தான், ஆனால் பருத்தித் துணியிலிருந்து செய்வது, மரக்கூழ்த் தாள் மாதிரி பழுப்பேறாது. அட்டைப் படத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

எனக்குக் காந்தக் கொக்கி, செருப்புப் பை, பீட்சா பெட்டி பத்து, வளையல் ஸ்டாண்ட், மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டி இரண்டு, எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்தது. அதில் பாதிக்கு மேல் அந்த இரண்டு பிளாஸ்டிக் பெட்டிதான். ஒரே நாளில் வாங்கவும் இல்லை. வெங்காயம் வைத்திருக்கும் ஆறு டிராயரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுக்கி வைத்தது ஒரு வாரம்கூட நிற்பதில்லையே?

ஒரே நேரத்தில் மூன்று ஆல்பம் ஓடினால் நிற்காது. நடக்கிற வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு வையுங்கள், சேலைக்கடைப் பெட்டியின் மூடி போதும். அந்த ஆல்பத்துக்கு எடுத்த தாள், போட்டோ, ரிப்பன் எல்லாம் அந்த மூடியிலேயே இருக்கட்டும். ராத்திரி மூடியை அப்படியே தூக்கி பீரோ மேலே வைத்தால் மேசை காலி. ஆல்பம் முடிந்ததும் மிஞ்சியது அதனதன் இடத்துக்குப் போகும். என்னிடம் மூன்று மூடி இருக்கிறது, நாலாவது ஆல்பத்துக்கு யார் கேட்டாலும் அடுத்த மாதம் என்று சொல்லிவிடுவேன்.

பெட்டிக்கு வெளியே பெயர் எழுதுவதைவிட, உள்ளே இருக்கும் மணியில் ஒன்றை, தாளில் ஒரு துண்டை ஒட்டிவிடுங்கள். படிக்கத் தெரியாத குழந்தையும் சரியான பெட்டியில் திரும்ப வைக்கும்.

குழந்தைகள் எடுத்துவிடுகிறார்களே?

பிளேடு, காந்தம், உடனே ஒட்டும் பசை, சின்ன மணி நான்கும் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போகட்டும். மற்றபடி அவர்களுக்கென்று ஒரு டப்பா கொடுத்துவிடுங்கள்: வெட்டு மிச்சம், பசைக் குச்சி, முனை மழுங்கிய கத்தரிக்கோல். நம்முடையதைத் தொடுவது பாதியாகக் குறையும். முழுசாக நிற்காது.

வீட்டில் இருப்பவர்கள் இதையெல்லாம் குப்பை என்கிறார்களே?

என் மாமியாரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அஞ்சறைப் பெட்டியை எடுத்த அன்று இரண்டு நாள் பேச்சே இல்லை. பிறகு மாமாவுடைய அறுபதாம் கல்யாணத்துக்கு, அவர்கள் முதன்முதலில் போன பழனிப் பயணத்தின் பேருந்து டிக்கெட்டை அத்தையின் பழைய பர்ஸிலிருந்து எடுத்து ஆல்பத்தில் ஒட்டிக் கொடுத்தேன். அத்தை அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் திருப்பவே இல்லை.

அதற்கப்புறம் குப்பை என்ற வார்த்தை நின்றுவிட்டது. இப்போது கோயில் அர்ச்சனைச் சீட்டு, மிட்டாய்த் தாள், டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டு எது கையில் கிடைத்தாலும் “இது உனக்கு ஆகுமா பாரு” என்று கொண்டுவந்து வைக்கிறார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏற்கெனவே இரண்டு பீட்சா பெட்டி நிறைந்துவிட்டது, அவற்றின் மேல் “அத்தை” என்று எழுதி வைத்திருக்கிறேன்.